இருநூற்று அறுபது நிமிடம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். அதை இரண்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் சொன்னேன், சித்தப்பாவிடம் சொன்னேன், பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தத் தப்பு ஓர் எண். இருநூற்று அறுபது.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டருக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் ஓடுகிறது. கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களின் பக்கத்தில் எட்டு இரும்பு அலமாரிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நெட்வொர்க் பெட்டி. பாதையிலுள்ள கேமராக்களும், உதவி மையங்களின் போன்களும், பௌர்ணமிக்குப் போடும் மருத்துவ முகாம்களும் இந்தப் பெட்டிகள் வழியாகத்தான் பேசுகின்றன. கேபிள் வளையமாக ஓடுவதில் ஒரு வசதி உண்டு. ஓரிடத்தில் அறுந்தால் பெட்டிகள் உடனே எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பேசிக்கொள்ளும். அறுந்ததை ஒட்டிய பிறகு, ஒட்டு நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய பாதைக்குத் திரும்பும். அந்தக் கொஞ்ச நேரம், நான் பார்த்த மற்ற பெட்டிகளில் எல்லாம், ஐந்து நிமிடம். எங்கள் பெட்டிகளில் மட்டும் இருநூற்று அறுபது நிமிடம். நாலு மணி இருபது நிமிடம் ஒரு பெட்டி எதற்காகச் சும்மா காத்திருக்க வேண்டும்? இருபத்தாறு எழுதப்போய் எவனோ ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டான் என்று நினைத்தேன். பெட்டி செய்யும் கம்பெனிக்குப் புகார் எழுதினேன்.

என் பெயர் நிவேதா. இந்த வளையத்தைக் கவனித்துக்கொள்ளும் தனியார் நிறுவனத்தில் இன்ஜினியர். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறையில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். வெளிவேலை முழுக்க லைன்மேன் முருகையன் அண்ணன். நாற்பத்தைந்து வயது. எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். சில சமயம் ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டார்.

எனக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் பழுதாகி வந்த பெட்டி ஒன்று மேசைமேல் கிடந்தது. அதன் முதுகில் கெஸ்ட்ரோமா என்று கம்பெனி பெயர் போட்ட ஸ்டிக்கர். ஓரம் லேசாக எழும்பியிருந்தது, நகத்தால் உரித்தேன். அடியில் நார்வில் என்று இன்னொரு ஸ்டிக்கர். அதையும் உரித்தேன். அதற்கும் அடியில், மங்கிப்போன பச்சையில், தாழை நெட்வொர்க்ஸ், பெருங்குடி, சென்னை.

எனக்குக் கை நமநமவென்றது. மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்கே செலவழித்துக் கதையைத் தோண்டி எடுத்தேன். தாழை என்பது பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி. ஊருக்குள் ஓடும் வளையங்களுக்காக இந்த ஒரே ஒரு பெட்டியைத்தான் செய்தார்கள். நார்வில் வெளிநாட்டுக் கம்பெனி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் நீண்ட லைன்களுக்குப் பெரிய பெட்டிகள் செய்து பெயர் வாங்கியது. ஊருக்குள் வைக்கத் தோதான சின்னப் பெட்டி அதனிடம் இல்லை. புதிதாகச் செய்ய மூன்று வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு, தாழையையே வாங்கிவிட்டது. பிறகு நார்விலை கெஸ்ட்ரோமா வாங்கியது. அதனிடம் ஏற்கெனவே வேறு இரண்டு கம்பெனிகளை வாங்கிச் சேர்த்த இரண்டு பெட்டிகள் இருந்தன. கல்யாணத்துக்கு மூன்று மிக்சி வந்த வீடு மாதிரி, ஒரே வேலைக்கு மூன்று பெட்டி.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே மென்பொருள் போடுவது என்று கெஸ்ட்ரோமா முடிவு செய்தது. ஒவ்வொரு அமைப்பிலும் எந்த வீட்டுப் பழக்கத்தை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். காத்திருக்கும் நேரம் ஒரு பெட்டியில் ஐந்து நிமிடம், இன்னொன்றில் பன்னிரண்டு, தாழையுடையதில் இருநூற்று அறுபது. ஐந்து ஜெயித்தது. புது மென்பொருளோடு வந்த குறிப்பில், இருநூற்று அறுபது பிழை என்று வாடிக்கையாளர் தெரிவித்ததால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. பக்கத்தில் என் புகார் எண். அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். எத்தனையோ நாடுகளில் ஓடும் ஒரு பெட்டியை வேங்கிக்காலில் உட்கார்ந்துகொண்டு திருத்தியவள் நான்.

ஆவணிப் பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால் எட்டுப் பெட்டிகளிலும் புது மென்பொருளை ஏற்றினேன். முருகையன் அண்ணன் சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த நம்பர எட்த்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்கண்ணா. நான்தான் சொன்னேன். அது தப்பு."

"தப்பா?" பிடரியைச் சொறிந்தார். "இருந்துட்டுப் போகுதுனு வுட்டிருக்கலாமே மேடம்."

நான் சிரித்தேன். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தவளுக்கு, எதிரில் நின்ற மனுஷனிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பௌர்ணமியன்று மதியமே கூட்டம் ஏறிவிட்டது. பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அண்ணன் பையை முதுகிலும் ஏணியைத் தோளிலும் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே நடக்க ஆரம்பித்திருந்தார். இரண்டரை மணிக்கு ஆதி அண்ணாமலை பக்கம் கேபிள் அறுந்தது. ஐந்தாவது பெட்டிக்கும் ஆறாவது பெட்டிக்கும் நடுவில், அன்னதானப் பந்தலுக்குக் கடப்பாரை போட்டவர்கள் கைவரிசை. வளையம் உடனே எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலேகாலுக்கு அண்ணன் பக்கத்து உதவி மையத்துப் போனிலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், ஜாயிண்ட் போட்டுட்டேன். டெம்ப்ரவரிதான். ஆறாவது பெட்டில போயி டெஸ்ட் பண்ணிட்டு சொல்றேன்."

"சரிண்ணா. கேபிள்ல லைட் வந்துடுச்சு."

நாங்கள் சமணர்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். அம்மா கட்டிக்கொடுத்த டிபனை அந்த நேரம்தான் திறந்தேன். சரியாக ஐந்து நிமிடத்தில் பெட்டிகள் பழைய பாதைக்குத் திரும்பின. பார்த்தாயா, என் ஐந்து நிமிடம் என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தேன். முதல் வாய் உள்ளே போவதற்குள் திரை சிவந்தது. ஒட்டு ஆடிவிட்டது. பெட்டிகள் மறுபடி எதிர்ப்பக்கம் ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒட்டில் வெளிச்சம் வந்தது. ஐந்து நிமிடம் நின்றது. பெட்டிகள் நம்பித் திரும்பின. மறுபடி போயிற்று.

பெட்டிகள் நொடியில் மாறிவிடும். ஆனால் அவற்றைப் பிடித்துத் தொங்கும் போன்களும் கேமராக்களும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து இணைய வேண்டும். அதற்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நான்காவது தடவை விழுந்து எழுந்ததும் மேசை போன் அடித்தது. வருண லிங்கத்துப் பக்கத்து மருத்துவ முகாம் நர்ஸ் தமிழ்செல்வி. அவர் முகாமுக்குப் பின்னால்தான் ஐந்தாவது பெட்டி இருக்கிறது.

"மேடம், இன்னா நடக்குது அங்க? ஒரு ஆள் நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்துட்டார். பெரியாஸ்பத்திரி டாக்டர் வீடியோல பாத்து சொல்லிக்கினு இருக்கார். மருந்து எவ்ளோனு சொல்ற நேரத்துல கட்டாவுது. ரெண்டு தபா ஆயிடுச்சி!"

"செல்போன்ல..."

"டவரே இல்ல மேடம். லட்சம் பேர் நிக்கிறாங்க. ஆம்புலன்ஸ் இந்தக் கும்பல்ல வந்து சேர அரை மணி ஆவும். அதுவரைக்கும் எனக்கு டாக்டர் வேணும்."

டிபனை மூடித் தள்ளினேன். முருகையன் அண்ணனுக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. அவர் ஆறாவது பெட்டியை நோக்கிக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருப்பார். கெஸ்ட்ரோமாவின் பெங்களூர் உதவி மையத்துக்கு அடித்தேன். கீதாஞ்சலி எடுத்தார். எப்போதும் பொறுமையாகப் பேசுகிற பெண்.

"கீதாஞ்சலி, வளையத்த எதிர்ப்பக்கமே பூட்டி வைக்கணும். பழசுல அதுக்கு ஒரு கட்டளை இருந்துச்சே, எங்க போச்சு?"

"அது தாழைக்காரங்க எழுதினதுங்க. புது மென்பொருள்ல உங்க பெட்டிக்கு அத இன்னும் சேர்க்கலை. அடுத்த வெளியீட்டுல வருது."

"எப்போ?"

"தை மாசம்."

போனை வைத்தேன். திட்டுவதற்கு வார்த்தை வந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஒரே வழிதான் இருந்தது. ஐந்தாவது பெட்டியில் ஆறாவதை நோக்கிப் போகும் ஒயரைக் கையால் உருவிவிட்டால் பெட்டி அந்தப் பக்கம் இனி நம்பாது. எதிர்ப்பக்கமே நிலையாகப் பேசும். அதைச் செய்யக்கூடிய தூரத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். முகாமுக்கு அடித்தேன். லைன் இன்னும் எத்தனை நிமிடம் நிற்கும் என்று திரையில் ஒரு கண்.

"சிஸ்டர், உங்க கூடாரத்துக்குப் பின்னாடி ஒரு இரும்பு அலமாரி இருக்கு. அதத் திறந்து ஒரு ஒயரப் புடுங்கணும்."

"நானா? பேஷண்ட வுட்டுட்டா?"

"அந்த ஒயர் இருக்கற வரைக்கும் டாக்டர் லைன் நிக்காது சிஸ்டர்."

யாரையோ நோயாளியின் தலைமாட்டில் உட்காரச் சொல்லும் குரல், ஓடும் சத்தம். முகாமின் கார்ட்லெஸ் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். "பூட்டிருக்குது!"

சாவி அண்ணன் இடுப்பில். "உடைச்சிடுங்க."

ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பானரால் நாலு அடி. ஐந்தாவது அடியில் பூட்டு விழுந்தது.

"தொறந்துட்டேன். மெல்லிசா ரெண்டு ஒயர் இருக்குது. எதப் புடுங்கணும்? ஒண்ணுல சைபர்னு போட்ருக்குது, ஒண்ணுல ஒண்ணுனு போட்ருக்குது."

என் திரையில் ஒன்று, இரண்டு என்று காட்டியது. தாழைக்காரர்கள் சைபரிலிருந்து எண்ணியவர்கள். கெஸ்ட்ரோமா ஒன்றிலிருந்து எண்ணுகிறது. திரையில் கெட்டுப்போன ஒன்று, பெட்டியில் சைபரா, ஒன்றா? புது மென்பொருள் பெயரை மட்டும் மாற்றியதா, வரிசையையும் மாற்றியதா? எனக்குத் தெரியவில்லை. ஒயர் மாறிவிட்டால் முகாம் மொத்தமாக அறுந்துபோகும், திருப்பிச் சொருகச் சொல்லக்கூட எனக்குப் போன் இருக்காது. ஏதாவது சொல் என்று என்னை நானே அதட்டினேன்.

"சிஸ்டர், ஒயர்ல வேற ஏதாவது அடையாளம் இருக்கா?"

"ஒண்ணுல மஞ்சக் கயிறு கட்டிருக்குது."

முருகையன் அண்ணன் எல்லா அலமாரியிலும் அப்படிக் கட்டி வைத்திருந்தார். இது என்ன பொங்கல் பானையா என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தபோது, வலம் போகிற திசையில் முன்னால் போகிற ஒயர் அது, தடவிப் பார்த்தாலே தெரியும் என்றார். ஐந்திலிருந்து முன்னால் போனால் ஆறு.

"கயிறு கட்டினதப் புடுங்குங்க!"

திரையில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கோடு சிவந்தது. சிவந்தபடியே நின்றது. போன் ஒருமுறை அறுந்து, ஒன்றரை நிமிடம் கழித்து முகாம் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு அறுபடவில்லை. டாக்டரின் வீடியோ இணைப்பு முப்பத்தெட்டு நிமிடம் ஓடியதை நான் நொடி நொடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றியாயிற்று, பேசுகிறார், ஆரணிக்காரராம் என்று தமிழ்செல்வி சொன்னபோது மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

மறுநாள் காலை முருகையன் அண்ணன் கால் வீங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"ஆறாவதுல போயி டெஸ்ட் பண்ணேன் மேடம். ஜாயிண்ட் நிக்கல. அப்புறம் சுத்தி வந்து புதுசாப் போட்டேன்."

"சுத்தியா? ஆதி அண்ணாமலை ஆறாவதுக்குக் கொஞ்சம் பின்னாடிதானே? திரும்பி ஒரு கிலோமீட்டர் நடந்தா போதுமே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, நிஜமான ஆச்சரியம்.

"பௌர்ணமில எப்டி மேடம் திரும்பி நடக்குறது? சாமி குத்தம்னு யாராவது சொல்வாங்கனு இல்ல. எதிர்ல வர்றது ஆளுங்க இல்ல மேடம், வெள்ளம் வந்த ஆறு. கொழந்தைய தோள்ல வெச்சிக்கினு வர்றான், கண்ணு தெரியாதவங்க வர்றாங்க. ஏணியும் பையுமா எதிர்ல பூந்தா நாலு பேர் வுழுவான். ஜாயிண்ட் கெட்டுச்சினா முழு சுத்தும் சுத்தித்தான் அந்த எடத்துக்கு மறுபடி வரணும். எப்பவும் அப்டித்தான்."

"ஒரு சுத்துக்கு எவ்ளோ நேரம் ஆகும்ணா?" என்று கேட்டேன்.

"பையோட, கும்பல்ல, நாலு நாலரை மணி நேரம். மொதல்ல பெட்டி வெச்சப்போ மெட்ராஸ்லேர்ந்து இளவரசன்னு ஒரு தம்பி வந்திச்சி. தாழை கம்பெனி. நம்ம ஊர்லதான் அவங்க மொத மொத வெச்சாங்க. ஒரு பௌர்ணமி முழுக்க வாட்ச்சப் பாத்துக்கினே எங்கூட நடந்திச்சி. நாலு மணி இருபது நிமிஷம்னு எழுதிக்கிச்சி."

நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நார்வில் இந்தப் பெட்டியை எந்தெந்த ஊருக்கு விற்றிருக்கும்? ஏதோ ஒரு துறைமுக நகரத்தில், பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில், கேபிளை ஒட்டிய பிறகு பெட்டிகள் நாலு மணி இருபது நிமிடம் பொறுமையாக நின்றிருக்கின்றன. ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முருகையன் ஒரு சுற்று வந்து சேரட்டும் என்றுதான் அவை நின்றன. நினைக்க நினைக்கச் சிரிப்பாகவும் இருந்தது, அடக்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. உடனே, அதை அழித்தது நான் என்று ஞாபகம் வந்தது. கம்பெனிகள் பெட்டியை வாங்கின, பெயரை வாங்கின, ஆட்களைக்கூட வாங்கின. அந்த நடையை யாரும் எழுதி வைக்கவில்லை.

சாயங்காலம் தமிழ்செல்வியைப் போய்ப் பார்த்தேன். முகாமைப் பிரித்துச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி மேல் பழியைப் போட நிறைய இடம் இருந்தது. போடவில்லை.

"நான்தான் சிஸ்டர். நான் எழுதினதாலதான் அந்த நம்பர எடுத்தாங்க."

அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "ரெண்டு வருஷமா இந்த லைனப் பாத்துக்கிறீங்க. ஒரு பௌர்ணமிக்காச்சும் இந்த ரோட்டுல நடந்திருக்கீங்களா?"

"இல்ல. நாங்க ஜெயின்..."

"சாமி கும்புடச் சொல்லல மேடம். நடந்திருக்கீங்களானு கேட்டேன்."

அவர் மூட்டையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார், தூக்கி வண்டியில் வைத்தோம்.

கீதாஞ்சலிக்கு எழுதினேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். காத்திருக்கும் நேரத்தை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி சேர்க்க மேலே ஒப்புக்கொண்டார்கள். எங்கள் பெட்டிக்கு எந்த எண் வேண்டும், அதற்குக் காரணம் என்ன என்று படிவத்தில் நிரப்பி அனுப்பச் சொன்னார்.

"பழைய நம்பரே போட்டுடலாமாங்க? அதுக்குக் காரணம் என்னனு இங்க யாருகிட்டயும் ஒரு காகிதமும் இல்லை. தாழையில இருந்தவங்க ஒருத்தரும் இப்ப இங்க இல்லைங்க."

"இருங்க. அளந்துட்டுச் சொல்றேன்."

புரட்டாசிப் பௌர்ணமியன்று முருகையன் அண்ணனோடு நடந்தேன். ஏணியின் பின்முனை என் தோளில். பொழுது இறங்குமுன் ஒரு பந்தலில் நின்றபடியே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. அவர் சொன்ன ஆறு எங்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் என் துப்பட்டா கழன்று நாலடி பின்னால் விழுந்தது. எடுக்கத் திரும்பினேன். திரும்ப முடியவில்லை. எத்தனையோ முகங்கள் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன, யாரோ ஒரு பெண் அதைக் குனிந்து எடுத்துக் கொடுக்க, கை மாற்றி, கை மாற்றி முன்னால் அனுப்பினார்கள். கூட்டம் கூடிவிட்டது, பழைய நேரம் பத்தாது என்று அண்ணன் கிளம்பும்போதே சொல்லியிருந்தார். சுற்றி முடிக்க ஐந்து மணி நேரம் ஐந்து நிமிடம் ஆயிற்று.

மறுநாள் படிவத்தைத் திறந்தேன். எண் என்ற இடத்தில் முந்நூற்று ஐந்து என்று போட்டேன். கேட்பவர் என்ற இடத்தில் முருகையன் பெயரை முதலில் எழுதி, என் பெயரை அடுத்து எழுதினேன். முந்தைய மாற்றம் யார் சொல்லி நடந்தது என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். கடைசியில் காரணம். ஒரு வரிக்குத்தான் இடம். இன்ஜினியர்கள் மதிக்கும்படியாக நாலைந்து விதமாக எழுதி எழுதி அழித்தேன். இன்னும் பத்து வருடம் கழித்து, இந்தக் கெஸ்ட்ரோமாவையும் யாராவது வாங்கிய பிறகு, என்னைப்போல் ஒருத்தி எங்கோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதினேன்.

"இங்கே லைன்மேன் நடந்து போகிறார். அவரால் திரும்பி நடக்க முடியாது. அவர் சுற்றி வரும்வரை காத்திருக்கவும்."